கல்யாணத்துக்காக வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா? – மூளை, நரம்பு கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. காலையில் வாய் கோணி, பேச்சு குழறியது. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டினால் போதுமா? (சேலம்)

பதில்: இதைப் படித்த உடனே கூட்டிப் போங்கள். தானாகச் சரியாகிவிட்டதால் ஆபத்து போய்விடவில்லை. முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகமாக இருப்பது அடுத்த சில நாட்களில்தான். மறுபடி வந்தால் 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் வேண்டாம். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

கேள்வி: தலைவலி. ஸ்கேன் நார்மல். என்ன மாத்திரை போடலாம்? (ஊர் இல்லை)

பதில்: வயது இல்லை, எத்தனை நாளாக என்று இல்லை, வாந்தி உண்டா என்றும் இல்லை. இதற்கு மருந்து சொன்னால் அது தவறு. ஒன்று மட்டும்: மாதத்தில் 10, 15 நாள் வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும்.

கேள்வி: மகளுக்கு 24 வயது, வலிப்பு உண்டு. 2 வருடமாக வரவில்லை. அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. காலையும் இரவும் ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறாள். நிறுத்திவிடலாமா? (தேனி)

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. இதே கடிதம் ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. தையும் வைகாசியும் நெருங்கினால் இன்னும் அதிகம். தேதி குறித்ததும் வீட்டில் முதலில் கைவைப்பது மாத்திரையில்தான். கல்யாண வீட்டில் ராத்தூக்கம் இருக்காது. தூக்கம் கெட்டாலே வலிப்பைத் தூண்டும். கூடவே மருந்தும் திடீரென்று நின்றால், நடுவில் நினைவே திரும்பாமல் வலிப்பு தொடர்ந்து வரலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. 2 வருடம் வராவிட்டால் மாத்திரையைக் குறைக்க யோசிக்கலாம் என்பது சரிதான். ஆனால் வலிப்பின் வகை, இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு), ஸ்கேன் எல்லாம் பார்த்து, உங்கள் டாக்டர் மாதக்கணக்கில் படிப்படியாகச் செய்ய வேண்டியது அது.

அப்புறம், மறைப்பது. அடிக்கடி வலிப்பு வருகிறவரின் திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் முன்பு இடம் இருந்தது. 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டதை நாம் விடவில்லை. பத்தில் ஏழு பேருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும் நோய் இது! மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அந்தப் பெண் புகுந்த வீட்டில் ஒளிந்து மாத்திரை விழுங்க வேண்டும். என்றைக்காவது முடியாமல் போகும், அன்றைக்கு வலிப்பு வந்து விழுவாள். என்ன செய்வதென்று தெரியாதவர்கள் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. இதைத் தெரிந்த ஒருவர் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் மாப்பிள்ளையிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

'வெள்ளை மாத்திரை' என்றால் எனக்கு எப்படித் தெரியும்? அட்டையில் உள்ள மருந்துப் பெயரை எழுதுங்கள். அது வால்ப்ரோயேட் என்றால், கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. கர்ப்பத்துக்கு முன்பே வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். தம்பியின் மூளையில் பன்றி நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள். எப்படி? (கும்பகோணம்)

பதில்: சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவருக்குக் குடலில் புழு வளரும். அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டைகள் தண்ணீர், பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். அங்கிருந்து மூளைக்குப் போய்க் கட்டியாகிறது. சைவம் இதற்குப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: பார்க்கின்சனுக்கு (கை நடுங்கி, உடம்பு இறுகும் நோய்) மாத்திரைக்குப் பதில் பூனைக்காலி விதை சாப்பிடலாமா? (நாகர்கோவில்)

பதில்: அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மை, உங்கள் மாத்திரையில் இருப்பதும் அதுதான். ஆனால் பொடியில் அது எவ்வளவு என்று நிச்சயம் இல்லை. இரண்டையும் சேர்த்தால் அளவு மீறும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்துவிடலாம். மறுபடியும் சொல்கிறேன், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அல்சைமர் மறதி நோயைக் குணமாக்கும் ஊசி வந்துவிட்டதாமே? (மதுரை)

பதில்: குணமாக்காது. 2023-ல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்த லெக்கனெமாப் என்ற ஊசி, மூளையில் படிந்த அமிலாய்டு புரதத்தை அகற்றுகிறது. ஆனால் 18 மாத ஆய்வில் நோய் மோசமாகும் வேகம் கால்வாசிதான் குறைந்தது. போன ஞாபகம் திரும்பாது. ஆரம்ப நிலையில் மட்டும்தான் கொடுப்பார்கள். மூளையில் வீக்கமோ கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

கேள்வி: நோய் இல்லாதவர் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? (கோவை)

பதில்: தாராளமாக. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூளையும் தேவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அன்றைக்குச் சம்மதம் சொல்லப்போவது அவர்கள்தான்.