பதில்: வீட்டில் வறுக்கும் கோப்பியும் அக்ரிலமைட் பயமும்

களுவாஞ்சிகுடித் தங்கச்சி, அம்மா கோப்பிக்கொட்டையைக் கறுக்க வறுப்பதால், சூட்டில் உண்டாகும், புற்றுநோய் தரலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைட் என்ற வேதிப்பொருள் கூடுமோ என்று கேட்டிருந்தீர்கள். அது வறுவலின் தொடக்கத்தில்தான் கூடுதலாக உண்டாகும். நிறம் ஏற ஏறக் குறையும். அதற்காகக் கரியாக்கவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் கோப்பியைப் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டது. எந்தப் பானத்தையும் 65 பாகை செல்சியசுக்கு மேல் சுடச்சுடக் குடிப்பதைத்தான் அதில் சேர்த்தது.

என்னை உறுத்தியது வேறு: மாரி ஈரத்தில் வெள்ளை பூத்து, பூஞ்சண மணம் அடிக்கிறது என்று நீங்கள் எழுதிய அந்தக் கொட்டை. அதில் ஒக்ராடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருந்தால் வறுத்தாலும் முழுக்கப் போகாது, சிறுநீரகத்துக்கு ஆகாது. காயவைத்துப் பார்ப்போம் என்று நினைக்காமல் கொட்டிவிடுங்கள், காசு போனால் போகட்டும். அப்புறம், அப்பாவுக்குக் கொலஸ்ட்ரோல் என்றீர்களே? அவருக்குக் கடதாசி வடிகட்டியில் வடித்துக் கொடுங்கள். கொலஸ்ட்ரோலை ஏற்றும் எண்ணெய்ப் பொருள் பெரும்பாலும் அதிலேயே தங்கிவிடும்.