சாய்தளமும் செயற்கைக்கோளும்: நிறை தராத கணக்கை எப்படிப் போடுவது?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கிறேன். சாய்தளக் கணக்குகளில் சைன், காஸ் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறேன். செயற்கைக்கோள் கணக்கில் நிறையே தருவதில்லை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம்தான். ஆனாலும் விடை வரவில்லை. என்ன செய்வது?

பதில்: சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் படம் வரையுங்கள். பொருளைத் தொடுபவை எவை, புவி அதை எந்தப் பக்கம் இழுக்கிறது, முடுக்கம் எந்தத் திசையில் என்று மூன்றையும் குறித்துவிட்டு, முடுக்கத்தின் திசையிலேயே ஓர் அச்சை வையுங்கள். நீங்கள் கேட்ட இரண்டு வகைக் கணக்குக்கும் வழி இது ஒன்றுதான்.

30° சாய்தளத்தில் ஒரு பெட்டி சறுக்குகிறது, இயக்க உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். எடை நேர்கீழாக. தளம் பெட்டியைத் தாங்கித் தள்ளும் விசை, அதாவது செங்குத்து விசை, தளத்துக்குச் செங்குத்தாக. உராய்வு தளத்தின் வழியே மேல்நோக்கி. முடுக்கம் தளத்தின் வழியே கீழ்நோக்கி என்பதால் அச்சையும் அப்படியே சாய்த்துவிடுங்கள், எடையை மட்டும் பிரித்தால் போதும்.

சைனா காஸா என்ற சந்தேகம் வந்தால் கோணத்தை 0 ஆக்கிப் பாருங்கள். பலகை தரையோடு தரையாகக் கிடக்கிறது, பொருளைச் சறுக்கவைக்க எதுவும் இல்லை. சைன் 0°-தான் 0. ஆகவே தளத்தின் வழியே சைன், தளத்துக்குச் செங்குத்தாக காஸ். இந்தச் சோதனை கையில் இருந்தால் மனப்பாடமே வேண்டாம்.

செங்குத்து விசை எடைக்குச் சமம் என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். இங்கே அது எடை × காஸ் 30°. முடுக்கம் = 9.8 × (0.5 − 0.2 × 0.866), அதாவது சுமார் 3.2 மீ/வி². எல்லா உறுப்பிலும் நிறை இருந்ததால் அடிபட்டுப் போய்விட்டது. நிறை தராததற்குக் காரணம் அதுதான்.

செயற்கைக்கோளுக்கு இன்னும் எளிது. அதன் மேல் இருப்பது ஒரே ஒரு அம்பு: புவி மையத்தை நோக்கிய ஈர்ப்பு விசை. மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். மையநோக்கு விசை என்று இன்னோர் அம்பையும் வரைந்துவிடுகிறார்கள். அது தனி விசை அல்ல. ஈர்ப்பு விசைதான் அந்த வேலையைச் செய்கிறது. ஈர்ப்பு விசை = நிறை × வேகத்தின் இருமடி ÷ ஆரம் என்று எழுதினால் செயற்கைக்கோளின் நிறை இங்கும் அடிபடும். ஈர்ப்பு மாறிலியும் புவியின் நிறையும் தரவில்லையென்றால், அவற்றின் பெருக்குத்தொகைக்குப் பதில் 9.8 × புவி ஆரத்தின் இருமடியைப் போடுங்கள்.

உயரம் 400 கி.மீ என்றால் ஆரம் 6,370 + 400 = 6,770 கி.மீ. வேகம் வினாடிக்குச் சுமார் 7.66 கி.மீ, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 92 நிமிடம். ஆரத்துக்குப் பதில் வெறும் 400-ஐப் போட்டால் வினாடிக்கு 31.5 கி.மீ வரும். விடுபடு வேகமே 11.2 கி.மீதான்! அந்த வேகத்தில் போனால் அது புவியை விட்டே போய்விடும். இப்படி ஒவ்வொரு விடையையும் தெரிந்த ஓர் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பழகிப்பார்க்க ஒரு கணக்கு: சுற்றுக்காலம் 24 மணி நேரம், உயரம் எவ்வளவு? ஆரம் சுமார் 42,200 கி.மீ வரும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். கேட்டது உயரம், புவி ஆரத்தைக் கழித்துச் சுமார் 35,800 கி.மீ என்று எழுதுங்கள்.