ஏழாவது படிக்கிற பையனைக் கோடிங் கிளாஸில் சேர்க்கலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பையன் ஏழாவது படிக்கிறான். ஆன்லைன் கோடிங் வகுப்பு ஒன்றில் இலவச டெமோ பார்த்தோம், ஒரு மணி நேரத்தில் ஒரு கேம் செய்துவிட்டான். வருடத்துக்கு 40,000 ரூபாய், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. சேர்க்கலாமா?"

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். டெமோவில் செய்த அந்த கேமைத் திறக்கச் சொல்லி, "வலது பக்கம் ஓடுகிற இந்தப் பூனையை இடது பக்கம் ஓட வை பார்ப்போம்" என்று கேளுங்கள். செய்துவிட்டால் நல்லது, ஏதோ மண்டையில் ஏறியிருக்கிறது. திருதிருவென்று முழித்தால், அன்றைக்கு எதிரில் இருந்தவர் சொன்ன இடத்திலெல்லாம் கிளிக் செய்திருக்கிறான், அவ்வளவுதான். வில்லிவாக்கத்தில் பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சான்றிதழும் கையுமாக வந்து, ஒரு வரியை மாற்றச் சொன்னால் அழுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் இதைச் சொல்கிறேன். இன்றைக்கே கட்டு என்று அவசரப்படுத்துகிற இடத்தை விட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு ஸ்க்ராட்ச் போதும், பிள்ளைகள் கோடிங் பழகுவதற்கான மென்பொருள் அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருக்கிற மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்காகவே செய்தது, இலவசம். லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். கட்டளைகள் எல்லாம் வண்ண வண்ணத் துண்டுகளாக இருக்கும், ஒன்றோடு ஒன்றைக் கோக்க வேண்டியதுதான், ஸ்பெல்லிங் தப்பு என்ற பேச்சே இல்லை.

ஸ்க்ராட்சைத் திறந்ததும் திரையில் ஒரு பூனை நிற்கும். பென் என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது கூடுதல் வசதியைச் சேர்த்தால் அந்தப் பூனை நடக்கிற வழியெல்லாம் கோடு விழும். 100 அடி நட, 90 டிகிரி திரும்பு, இதை நான்கு முறை செய் என்றால் சதுரம். இதைப் பையன் சீக்கிரமே போட்டுவிடுவான். அப்புறம் முக்கோணம் போடச் சொல்லுங்கள். மூன்று முறை, 60 டிகிரி என்றுதான் அநேகமாக வைப்பான், ஏனென்றால் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான். முக்கோணம் வராது. அறுகோணத்தில் பாதி வந்து, வாயைத் திறந்தபடி நிற்கும்.

இந்த இடம்தான் முக்கியம், யாரும் விடையைச் சொல்லிவிடக் கூடாது. மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சாக்பீஸால் பெரிய முக்கோணம் ஒன்று வரைந்து, கோட்டின் மேலேயே நடக்கச் சொல்லுங்கள். மூலைக்கு வந்ததும், திரும்பாமல் நேராகவே போயிருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பாய், இப்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று கேளுங்கள். கோணத்தின் உள்பக்க அளவு வேறு, தான் திரும்புகிற அளவு வேறு, அது 120 என்று உடம்பாலேயே கண்டுபிடிப்பான். 1967-இல் பிள்ளைகளுக்காக வந்த லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் திரையில் ஒரு ஆமையை நடக்கவிட்டு, நீயே ஆமையாக நடந்து பார் என்று பிள்ளைகளுக்குச் சொன்ன வழி இதுதான். பாருங்கள், இதில் எங்கேயும் உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை.

நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், மௌஸ் மட்டும் எப்போதும் அவன் கையிலேயே இருக்கட்டும். கோத்த கட்டளைகளை ஓடவிடுகிற பச்சைக் கொடி பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் "இப்போது என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். வாய்விட்டுச் சொன்ன பிறகு அழுத்தட்டும். சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்றால் அன்றைய பாடம் அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட வாரத்தில் மூன்று நாள் முக்கால் மணி நேரம் நல்லது.

மூன்று நான்கு மாதம் போனதும், கட்டளைகளைக் கீபோர்டில் தட்டி எழுதுகிற பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு வரலாம். இதுவும் இலவசம், எழுதிப் பார்க்க ஐடில் என்ற சின்ன மென்பொருள் கூடவே வரும், பழைய லேப்டாப்பே தாங்கும். முதல் வேலையாக உங்கள் வீட்டு கரண்ட் பில்லைக் கொடுங்கள். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும். யூனிட்டைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சொல்கிற புரோகிராம் எழுதச் சொல்லுங்கள். 150 என்று கொடுத்து, அது 100-ஐவிட அதிகமா என்று ஒப்பிடும்போது சிவப்பு எழுத்தில் எரர் வந்து விழும். பயந்து மூடப் பார்ப்பான். மூட விடாமல் அந்த எரரின் கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் எந்த வரியில் பிரச்சினை என்று தேடட்டும். அந்த 150-ஐ இரண்டால் பெருக்கி அச்சிடச் சொன்னால் 300 வராது, 150150 என்று வரும். கீபோர்டில் தட்டியதைப் பைத்தான் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது, எண்ணாக மாற்று என்று நாம்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த ஒரு விடையிலேயே புரிந்துவிடும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் எழில் என்ற தமிழ் நிரல்மொழி இருக்கிறது, அதில் 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். மற்றபடி அவசரமே இல்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தால் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் வரத்தான் போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அவனே ஆசைப்பட்டுக் கேட்டால் வகுப்பில் சேருங்கள், ஆனால் ஒரு வாத்தியாருக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் வேண்டாம், ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத இடமும் வேண்டாம். அதுவரை முக்கோணம் முடித்தவனிடம் ஐந்து முனை நட்சத்திரம் கேளுங்கள். திரும்ப வேண்டியது 144 டிகிரி. உங்களுக்காகச் சொல்கிறேன், அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.