வேர்ட்பிரஸ் கடையிலிருந்து போகும் ஆர்டர் மெயில்கள் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் விழுகின்றன. எப்படிச் சரிசெய்வது?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "இலவசம், சலுகை, உடனே என்ற சொற்களைத் தவிருங்கள்" என்பது. ஆர்டர் எண்ணும் தொகையும் முகவரியும் மட்டுமே உள்ள மெயிலில் தவிர்க்க என்ன சொல் இருக்கிறது? கோளாறு பெரும்பாலும் கடிதத்துக்குள் இல்லை. உங்கள் டொமைன் பெயரைப் போட்டுக்கொண்டு வந்த அந்த மெயிலை அனுப்பியது நீங்கள்தானா என்று ஜிமெயிலால் உறுதிசெய்ய முடியவில்லை. முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

நீங்கள் பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸின் கடை ப்ளக்இன்னான வூகாமர்ஸ் போட்டு, மெயிலுக்கென்று தனியாக எதுவும் அமைக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் வேர்ட்பிரஸ் அந்த சர்வரின் பிஎச்பி மெயில் வழியாகவே எல்லாவற்றையும் அனுப்புகிறது. அதில் அனுப்புநர் முகவரி இரண்டு உண்டு. படிப்பவர் கண்ணில் படுவது ஃப்ரம் முகவரி. இன்னொன்று ரிட்டர்ன்-பாத், அதாவது மெயில் சேராவிட்டால் திரும்பி வரவேண்டிய முகவரி. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஃப்ரம் உங்கள் டொமைனில் இருக்க, ரிட்டர்ன்-பாத் ஹோஸ்டிங்காரருடைய சர்வர் பெயரில் இருப்பது சாதாரணம். ஒரு டொமைன் பெயரில் மெயில் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது எஸ்பிஎஃப் சோதனை. அது பார்ப்பது இந்த இரண்டாவது முகவரியைத்தான். "எஸ்பிஎஃப் போட்டேன், அப்படியும் ஸ்பேமுக்குப் போகிறது" என்பதற்குப் பல நேரம் காரணம் இதுவே.

எதையும் மாற்றுவதற்கு முன் நோயைப் பாருங்கள். ஒரு சோதனை ஆர்டர் போட்டு, வந்த மெயிலைக் கணினியில் ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்துங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றின் முடிவும் தெரியும். டிகேஐஎம் என்பது மெயிலோடு வரும் டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க் என்பது இவை ஃப்ரம் டொமைனோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் கொள்கை. ‘பாஸ்’ என்று பார்த்தவுடன் மூடிவிடாதீர்கள். டிகேஐஎம் எந்த டொமைனின் பெயரில் பாஸ் ஆகியிருக்கிறது, கீழே ரிட்டர்ன்-பாத் வரியில் யாருடைய டொமைன் இருக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டில் ஒன்றாவது ஃப்ரம் டொமைனோடு பொருந்திப் பாஸ் ஆனால்தான் டிமார்க் தேறும்.

அடுத்து, பிஎச்பி மெயிலை விட்டு வெளியே வாருங்கள். எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) ப்ளக்இன் ஒன்றைப் போட்டு, பிரெவோ, போஸ்ட்மார்க், அமேசான் எஸ்இஎஸ் போன்ற ஒரு மெயில் சேவையை 587 போர்ட்டில் இணையுங்கள். அமேசானில் புதுக் கணக்கு முதலில் சாண்ட்பாக்ஸில்தான் இருக்கும். சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டுமே மெயில் போகும். அதிலிருந்து வெளியே விட விண்ணப்பிக்காமல் கடையைத் திறந்துவிட்டால் வாடிக்கையாளர் ஒருவருக்கும் மெயில் போகாது. சின்னக் கடைக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் பெட்டியே போதும், நாளுக்கு 2,000 மெயில் வரை அனுப்பலாம். இலவச ஜிமெயில் அல்லது யாஹூ முகவரியைக் கடையின் ஃப்ரம் முகவரியாக வைத்து உங்கள் சர்வரிலிருந்து அனுப்புவது மட்டும் கூடாது. யாஹூ 2014 ஏப்ரலிலேயே தன் டொமைனுக்கு டிமார்க் ‘ரிஜெக்ட்’, அதாவது தேறாத மெயிலை ஏற்காதே என்ற கொள்கையை, வைத்துவிட்டது.

"சொந்தமாக போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் போட்டு ஓட்டினால் என்ன, நாங்கள் ஓட்டவில்லையா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் சர்வருக்குச் சர்வர் மெயில் போவது 25ஆம் போர்ட்டில், கூகுள் கிளவுட் வெளியே போகும் அந்தப் போர்ட்டைப் பொதுவாக அடைத்தே வைத்திருக்கிறது. அமேசானில் அனுமதி கேட்டுத்தான் திறக்க வேண்டும். ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து சர்வர் பெயரைத் தேடும் பதிவு) பொருந்த வேண்டும், அந்த ஐபியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பித் தடைப்பட்டியலில் ஏறியிருக்கக் கூடாது. கடை நடத்துகிறவர் இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் சேவையைச் சொல்கிறேன்.

இனி டிஎன்எஸ், அதாவது உங்கள் டொமைனைப் பற்றி உலகம் தேடிப் பார்க்கும் பதிவேடு. அதில் எழுதும் ஒவ்வொரு பதிவும் ஒரு ரெக்கார்டு. எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். வொர்க்ஸ்பேஸுக்கு ஒன்று, பிரெவோவுக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி வரி போட்டால் இரண்டும் செல்லாது, ‘பெர்ம்எரர்’ (நிரந்தரப் பிழை) வரும். ஒரே வரிக்குள் இரண்டு ‘இன்க்ளூட்’ (அந்தச் சேவையின் சர்வர்களையும் சேர்த்துக்கொள் என்ற குறிப்பு) எழுதுங்கள். அதிலும் ஒரு வரம்பு உண்டு: அந்த வரியைச் சோதிக்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் தேவைப்படக் கூடாது. ஒரு இன்க்ளூட்டுக்குள் இருக்கும் இன்க்ளூட்டும் கணக்கில் சேரும். எப்போதோ விட்டுவிட்ட சேவைகளின் இன்க்ளூட்டை நீக்குங்கள்.

மூன்றில் எனக்கு முக்கியமானது டிகேஐஎம். உங்கள் வாடிக்கையாளர் தன் அலுவலக முகவரிக்கு வருவதையெல்லாம் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்திருப்பார். அப்போது அனுப்பும் ஐபி மாறிவிடுவதால் எஸ்பிஎஃப் உடையும். டிகேஐஎம் கையெழுத்து மெயிலோடு ஒட்டியிருப்பதால், வழியில் யாரும் உள்ளடக்கத்தைத் தொடாதவரை தப்பித்துவிடும். சாவி 2048 பிட்டாக இருக்கட்டும். அது ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு துண்டின் 255 எழுத்து வரம்பைத் தாண்டும். சில பழைய கண்ட்ரோல் பேனல்கள் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். சேமித்த பிறகு வெளியிலிருந்து தேடிப் பார்த்து, கடைசி எழுத்துவரை இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வொர்க்ஸ்பேஸில் ரெக்கார்டைப் போட்டால் மட்டும் போதாது, அட்மின் கன்சோலில் ‘ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்’ பொத்தானை அழுத்தினால்தான் கையெழுத்து தொடங்கும்.

டிமார்க்கை ‘நன்’ (தேறாத மெயிலை ஒன்றும் செய்யாதே) கொள்கையில் தொடங்கி, அறிக்கை வரவேண்டிய முகவரியைக் கொடுங்கள். உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த ஐபியிலிருந்து மெயில் போகிறது என்று அறிக்கைகள் வரும். சில வாரம் பார்த்து, உங்கள் மெயில்களெல்லாம் தேறுகின்றன என்று தெரிந்த பிறகு ‘குவாரண்டைன்’ (தேறாததை ஸ்பேமில் போடு). முதல் நாளே ‘ரிஜெக்ட்’ போட்டால், பில்லிங் மென்பொருள் அனுப்பும் ரசீதுகள் போன்ற நீங்கள் மறந்துபோன மெயில்கள் எல்லாம் நின்றுவிடும்.

இவ்வளவும் செய்தும் எதுவும் மாறவில்லை என்றால், ரெக்கார்டைப் போட்ட இடம் தப்பாக இருக்கலாம். நேம்சர்வர் (டொமைனின் ரெக்கார்டுகளை உலகுக்குச் சொல்லும் சர்வர்) கிளவுட்ஃப்ளேரில் இருக்கும்போது, ஹோஸ்டிங்கின் கண்ட்ரோல் பேனலான சிபேனலில் எழுதும் ரெக்கார்டை உலகம் பார்க்காது. மெயில் சேவை கொடுத்த மதிப்புகளைக் கிளவுட்ஃப்ளேரில் போட வேண்டும். ஹோஸ்டிங் சர்வரிலிருந்தே மெயில் அனுப்புகிறீர்கள் என்றால், சிபேனலின் ‘இமெயில் டெலிவரபிலிட்டி’ பக்கம் காட்டும் மதிப்புகளை எடுத்துப் போட வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தளம் செய்து கொடுப்பவர்கள் டொமைனைத் தங்கள் பெயரிலேயே பதிந்துகொண்டு, டிஎன்எஸ் பாஸ்வேர்டைக் கடைக்காரரிடம் கொடுப்பதில்லை. ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு சேர்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்காகக் கடைக்காரர் நாள்கணக்கில் ஃபோன் அடித்துக் கெஞ்சுகிறார். டொமைன் என்பது கடையின் பெயர்ப்பலகை. பணம் கொடுத்தவர் பெயரில்தான் அது இருக்க வேண்டும். உங்களுடையது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

தொடர்புப் படிவத்தில் வேறொரு பிழை. படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே ஃப்ரம் முகவரியாக வைப்பது. அவருடைய யாஹூ முகவரியின் பெயரில் உங்கள் சர்வர் மெயில் அனுப்பினால் அது போலி மெயிலேதான், திருப்பி அனுப்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஃப்ரமில் எப்போதும் உங்கள் டொமைன் முகவரி, ரிப்ளை-டூவில் அவர் முகவரி. படிவத்துக்கு கேப்ச்சாவும் வையுங்கள். பாட்கள் ஊரார் முகவரியை நிரப்ப, ‘நன்றி’ மெயில் கேட்காதவர்களுக்கெல்லாம் போய், அவர்கள் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள்.

"தமிழில் தலைப்பு வைத்தால் ஸ்பேமுக்குப் போகும், ஆங்கிலத்தில் வை" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இது எனக்கு வலிக்கிற விஷயம். குற்றம் மொழியில் இல்லை, தலைப்பைக் குறியாக்காமல் அப்படியே தள்ளும் நிரலில் இருக்கிறது. மெயில் தலைப்பில் தமிழை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்கும் உள்ள பொதுக் குறிமுறை) என்று அறிவித்து, அதை ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும் மாற்றும் பேஸ்64 குறியாக்கத்தில் அனுப்ப வேண்டும். அப்படிச் செய்யாத தலைப்புக்கு ஸ்பேம் அசாசின் போன்ற வடிகட்டிகள் தண்டப் புள்ளி போடுகின்றன. ஒவ்வொரு குறியாக்கத் துண்டும் 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒன்று 3 பைட் என்பதால் ஒரு துண்டில் ஏறக்குறைய 15 குறிகள்தான் அடங்கும். ‘கொ’ என்பதே இரண்டு குறி. 3 பைட்டின் நடுவில் வெட்டினால் வாடிக்கையாளருக்குக் கேள்விக்குறிகள்தான் தெரியும். வேர்ட்பிரஸ் இதைத் தானே சரியாகச் செய்துவிடும். கையால் எழுதிய பிஎச்பி நிரலில்தான் சிக்கல்: மெயில் அனுப்பும் நிரல் தொகுப்பான பிஎச்பிமெயிலரின் இயல்பான கேரக்டர் செட் யூடிஎஃப்-8 அல்ல, நீங்கள் வெளிப்படையாக மாற்ற வேண்டும். அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத் தமிழில் தாராளமாகத் தலைப்பு வையுங்கள்.

"நான் நாளுக்கு 20 மெயில்தான் அனுப்புகிறேன், எனக்கு ஏன் இதெல்லாம்?" என்று தோன்றலாம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் நடைமுறைப்படுத்தும் விதிகளில், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், பொருந்தும் ரிவர்ஸ் டிஎன்எஸ், டிஎல்எஸ் (மெயில் போகும் வழியை மறைகுறியாக்குவது) ஆகியவை ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் பொருந்தும். நாளுக்கு 5,000 மெயில் அனுப்புகிறவர்களுக்கு மூன்று ரெக்கார்டும் கட்டாயம், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. 2025 மே மாதம் முதல் அவுட்லுக்கும் 5,000க்கு மேல் அனுப்பும் டொமைன்களிடம் மூன்று ரெக்கார்டையும் கேட்கிறது.

தீபாவளிச் சலுகை மெயிலை ஆர்டர் மெயில் போகும் டொமைனிலிருந்து அனுப்பாதீர்கள். அதற்கென்று ஒரு துணை டொமைன் வைத்து அதிலிருந்து அனுப்புங்கள். சலுகை மெயிலுக்கு விழும் புகார்களின் பாதிப்பு ஓடிபியையும் ரசீதையும் எட்டுவது அப்போது குறையும். காசு கொடுத்து வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்பினால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது.

எல்லாம் முடிந்த பின் ஆர்டர் மெயில், பாஸ்வேர்டு மாற்றும் மெயில், தொடர்புப் படிவ மெயில் மூன்றையும் தனித்தனியாக வரவழைத்து, ஒவ்வொன்றிலும் ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். ஒரே தளத்தில் ஒரு ப்ளக்இன் எஸ்எம்டிபி வழியாகவும் இன்னொன்று பழைய பிஎச்பி மெயில் வழியாகவும் அனுப்பிக்கொண்டிருப்பது உண்டு.