கேளுங்கள், கதைப்போம்: "நானும் நம்பலாம் போலக் கிடக்கு"

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தை, அதாவது வேறு மதத்து நண்பர்களோடும் வீட்டாரோடும் நம்முடைய நம்பிக்கையை எப்படிக் கதைப்பது என்பதை, பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மகனின் ஏ/எல் பாடத்தெரிவு பற்றி எழுதிய அம்மா கோபிக்க வேண்டாம்.

அக்கா, நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அறை எடுத்து இருந்து கம்பஸுக்குப் போகிறேன். அறைத்தோழி நல்ல சைவக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு வருடமாக நான் இரவில் பைபிள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தவள், போன கிழமை திடீரென்று "எனக்கும் உங்கட இயேசுவை நம்பலாம் போலக் கிடக்கு, அதுக்கு என்ன செய்யவேணும்?" என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. பையில் கிடந்த துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவளுடைய முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும்? (பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

தங்கச்சி, அவள் கேட்டது உங்களிடம். பாஸ்டரிடம் கேட்க விரும்பியிருந்தால் நேரே அங்கே போயிருப்பாள், யாழ்ப்பாணத்தில் தேவாலயத்துக்கா பஞ்சம்? பரீட்சைக் காலத்தில் நீங்கள் எரிந்து விழுந்ததையும், வீட்டுக்குப் போன் எடுத்து உண்மை சொன்னதையும் பொய் சொன்னதையும், தண்ணீர் வராத நாளில் யார் வாளி தூக்கினது என்பதையும் ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை அவள். அதையெல்லாம் பார்த்த பிறகும் கேட்டிருக்கிறாள். துண்டுப்பிரசுரத்தில் என்ன இருந்தாலும் நீங்கள் அதில் இல்லை, முகம் மாறினதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இன்றைக்கு இரவே தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு, "அண்டைக்கு நீ கேட்டதுக்கு நான் வடிவா மறுமொழி சொல்லேல்லை" என்று தொடங்குங்கள். தொடங்கிவிட்டு உடனே பிரசங்கத்துக்குள் போகாதீர்கள், முதலில் நீங்கள் கேளுங்கள். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு அப்படித்தான் செய்தான். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் இருந்து ஏசாயாவின் புத்தகத்தை வாசித்துக்கொண்டு போகிறார், பிலிப்பு ஓடிப்போய், வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறான். ஒருவர் சொல்லித் தராவிட்டால் எப்படி விளங்கும் என்று அவர் ஏறி உட்காரச் சொல்கிறார், அப்புறம்தான் பேச்சு. அதுவும் அவர் வாசித்துக்கொண்டிருந்த அதே பகுதியில் இருந்துதான் தொடங்குகிறது. உங்கள் தோழி எந்தப் பகுதியில் நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. அப்பாவின் நோயாக இருக்கலாம், தனிமையாக இருக்கலாம், எப்போதோ செய்த ஒன்றை நினைத்து நித்திரை இல்லாமல் கிடக்கிறவளாக இருக்கலாம், அல்லது நீங்கள் சத்தமாக வாசித்த ஒரு வசனம் அவளுக்குள் போய் இருந்திருக்கலாம். தெரிந்துகொண்டால் எங்கே தொடங்குவது என்பது தானாக வரும்.

பிறகு உங்கள் கதை. சுருக்கமாகச் சொல்லுங்கள், சாட்சி நேரத்தில் மைக் பிடித்துச் சொல்கிற மாதிரி வேண்டாம். நம்மில் பலர் பரம்பரைக் கிறிஸ்தவர்கள், குடித்துத் திரிந்து திருந்தின கதை ஒன்றும் நம்மிடம் இல்லை, அதற்காக ஒன்றைச் சோடிக்கவும் தேவையில்லை. அம்மம்மாவின் நம்பிக்கையாக இருந்தது எந்த நேரத்தில் உங்களுடையதாக மாறியது? அதைச் சொன்னால் போதும்.

அவளுக்கு இயேசுவின் கதைகள் தெரியாது என்று நினைத்து நோவாவின் பேழையில் இருந்து தொடங்கிவிடாதீர்கள். அமெரிக்க மிஷனரிகள் இங்கே வந்தது 1816இல், வட்டுக்கோட்டைச் செமினரி 1823, உடுவில் மகளிர் பாடசாலை 1824. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கரோல் பாடி, நத்தார் நாடகத்தில் மேய்ப்பனாக நின்ற சைவப் பிள்ளைகள் எத்தனை தலைமுறை! ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர், நம்மில் முக்கால்வாசிப் பேரைவிட அவருக்கு பைபிள் தெரியும், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கியவரும் அவர்தான். ஆக, தெரிவது வேறு, நம்புவது வேறு. இயேசு யார், அவருடைய சாவு நம்முடைய பாவத்தோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது, உயிர்த்தெழுந்தார் என்று ஏன் சொல்கிறோம், அதை நம்பி அவரிடம் தன்னை ஒப்புக்கொடுப்பது என்றால் என்ன, இவ்வளவையும் உங்கள் வாயால், வீட்டில் கதைக்கிற தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். சொல்லத் தடுமாறினால் தடுமாறுங்கள், அதில் வெட்கம் இல்லை.

அடுத்தது, இரண்டு பேரும் மாற்கு எழுதின சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசியுங்கள். 16 அதிகாரம்தான், ஒரு இரவுக்கு ஒன்று. கேள்வி வந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி யாரிடமாவது கேட்டு வாருங்கள், பாஸ்டர் அந்த இடத்தில் உதவுவார். செபிக்க விரும்பினால் அவளே செபிக்கட்டும், நீங்கள் ஒரு வரி சொல்ல அவள் ஒரு வரி சொல்லவேண்டும் என்று எங்கும் எழுதி இல்லை. அவளுடைய அம்மாவின் சாமியறையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். ஏதென்ஸ் பட்டணம் முழுக்கச் சிலைகளைப் பார்த்து மனம் கொதித்த பவுல்கூட, பேச எழும்பினபோது அவர்களுடைய பலிபீடம் ஒன்றைச் சுட்டிக்காட்டித்தான் தொடங்கினார், அவர்களுடைய புலவர்கள் சொன்னதையும் எடுத்துச் சொன்னார்.

எனக்கு நெல்லியடியில் மோட்டார்சைக்கிள் திருத்துகிற கடை. என்னோடு வேலை செய்கிற நண்பனின் தாய்க்குக் கடும் வருத்தம், எங்கள் சபையில் செபித்தோம், சுகம் வந்தது. இப்போது ஞானஸ்நானம் எடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பாஸ்டரும் வாற ஞாயிறே வைப்போம் என்கிறார். ஆனால் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லையாம், எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்கிறான். சந்தோசப்படவேண்டிய நேரத்தில் எனக்கு மனம் இடறுகிறது. (வாசகர், நெல்லியடி)

தம்பி, இடறினது நல்லது. முதலில் மனைவிக்குச் சொல்லட்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பாஸ்டர் உடனே பிலிப்பி சிறைச்சாலைக்காரனை எடுத்துக் காட்டுவார், அவன் அந்த இரவே ஞானஸ்நானம் பெற்றானே என்று. சரி, பெற்றான். அந்தப் பகுதியைக் கொஞ்சம் ஆறுதலாக வாசித்துப் பாருங்கள்: பவுலும் சீலாவும் அவனுக்கும் அவன் வீட்டில் இருந்த எல்லோருக்கும் வசனத்தைச் சொன்னார்கள், வீட்டார் எல்லோரும் சேர்ந்தே ஞானஸ்நானம் பெற்றார்கள், பிறகு அவன் வீட்டிலேயே சாப்பாடும் நடந்தது. கெதியாகத்தான் நடந்தது, ஆனால் ஒருவருக்கும் ஒளித்து நடக்கவில்லை. உங்கள் நண்பனின் மனைவி வேறு யாரோ சொல்லி, சந்தையிலோ பள்ளிக்கூட வாசலிலோ இதைக் கேள்விப்பட்டால், அன்றைக்கு அவருக்குச் சபை என்றால் புருசனைக் களவெடுத்த இடம். அதை மாற்ற எத்தனை வருடம் செல்லும் என்று யோசியுங்கள்.

அந்த மனைவி பயந்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. மாமியார் என்ன சொல்வார், மகளுக்குக் கலியாணம் பேசும்போது சாதகம் பார்க்கிற பகுதி என்ன சொல்லும், தன்னையும் மாறச் சொல்வார்களா, குலதெய்வக் கோயிலுக்கு இனிமேல் யார் கூட வருவது? இதற்கெல்லாம் பதில் பிரசங்கத்தில் கிடைக்காது. உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள், அவர்களையும் உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், விரத நாள் என்றால் மீன், இறைச்சி சமைக்காதீர்கள். இரண்டு மாதம் பிந்தினால் பரலோகக் கதவு பூட்டிவிடாது.

சுகம் கிடைத்த விஷயத்தையும் கதைக்கவேண்டும். கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள், மந்திகை ஆஸ்பத்திரி டொக்டருக்கும் தாதிமாருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தாய் அடுத்த வருடம் திரும்பவும் விழுந்தால்? நண்பனின் நம்பிக்கை சுகத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து விழும். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார், திரும்பி வந்தவன் ஒருவன்தான், மற்ற ஒன்பது பேருக்கும் சுகம் மட்டும் போதுமாக இருந்தது. இவன் திரும்பி வந்தவனா என்று பார்க்கக் கொஞ்ச நாள் வேண்டும், லூக்கா 14இல் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறதைச் சொன்னதும் இயேசுதான்.

நம்முடைய ஊர் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்தது. 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் பெற்றிருக்கவேண்டும் என்று நடந்தது. பதிவேட்டில் பெயர் குவிந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் பெரும்பாலானோர் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு தங்கள் கோயிலுக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உண்மையில் மாறினவர்களாக இருந்தால்தானே திரும்பாமல் இருக்க! அதே ஒல்லாந்தர் காலத்தில், கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தபோது, 1687இல் ஒரு ஏழைக் கூலியின் கோலத்தில் யோசவ் வாஸ் அடிகளார் இங்கே வந்து சேர்ந்தார். சில்லாலையில் மறைந்திருந்து ஒளித்து ஒளித்துத்தான் பூசை வைத்தார். உத்தியோகமும் இல்லை, சலுகையும் இல்லை, பிடிபட்டால் தண்டனை. சில்லாலை இன்றைக்கும் கத்தோலிக்க ஊர்.

அப்பா செத்து 31ஆம் நாள் வருகிறது. நான் மூத்த மகன், போன வருடம்தான் விசுவாசத்துக்கு வந்தேன். அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கேணிக்குப் போகக்கூடாது என்று சபையில் சொல்கிறார்கள். அம்மா அழுகிறா. (மானிப்பாய்)

போங்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், வாகனம் பிடிப்பதும் சாமான் தூக்குவதும் சமையல்காரரோடு மல்லுக்கட்டுவதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். கிரியையில் எதைச் செய்வது எதைச் செய்யாமல் விடுவது என்பதை உங்கள் மனச்சாட்சிப்படி முடிவெடுங்கள், ஆனால் அதை முன்கூட்டியே தம்பியோடும் ஐயரோடும் கதைத்து ஒழுங்குபண்ணுங்கள், கேணிப் படியில் நின்று விவாதம் வேண்டாம். சீரிய தளபதி நாகமான் சுகமான பிறகு எலிசாவிடம் ஒன்று கேட்டான்: என் ராஜா ரிம்மோன் கோயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு குனியும்போது நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிக்கவேண்டும் என்று. எலிசா சட்டம் ஒன்றும் சொல்லவில்லை, "சமாதானத்தோடே போ" என்றார். 2 இராஜாக்கள் 5, உங்கள் சபை மூப்பருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நண்பர்களிடம் இயேசுவைப் பற்றிக் கதைத்தால் சட்டப்படி குற்றமா? மதமாற்றத் தடைச்சட்டம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? (சாவகச்சேரி)

வாட்ஸ்அப்பில் வருவதை முதலில் பாதியாகக் குறையுங்கள். 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய அப்படி ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அது சட்டமாகவில்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைப்படி தனக்கு விருப்பமான மதத்தை ஏற்றுக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது, அதாவது உங்கள் நண்பனுக்கு. மறுபக்கம், மதத்தைப் பரப்புவதை ஓர் அடிப்படை உரிமையாக அரசியலமைப்பு தரவில்லை என்றும் அதே நீதிமன்றம் 2003இல் சொல்லியிருக்கிறது. நண்பன் கேட்டு நீங்கள் பதில் சொல்வது வேறு. அரிசி மூட்டையோடும் கடன் உதவியோடும் போய்ச் சபைக்கு வரச் சொல்வது வேறு, அதைச் சட்டம் தடுக்காவிட்டாலும் நான் தடுப்பேன்.

ஐயா/அம்மா, நான் சைவம். பள்ளிக்காலச் சிநேகிதன் ஒருவன் சபைக்குப் போகத் தொடங்கின பிறகு எந்தக் கதையைத் தொடங்கினாலும் இயேசுவில் கொண்டுபோய் முடிக்கிறான். நல்லூர்க் கொடியேறி 25 நாளும் ஒவ்வொரு காலையும் வசனம் அனுப்பினான். எனக்கு அவனையும் பிடிக்கும், கந்தனையும் பிடிக்கும். எப்படிச் சொல்வது? (இணுவில்)

அம்மாதான். நீங்கள் எழுதினது நல்லது, இந்தப் பக்கத்தை வாசிக்கிற நம்முடைய ஆட்களுக்கும் இது தேவை. யாழ்ப்பாணம் தந்த மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ், சுவிசேஷம் சொல்வது என்பது ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்கு அப்பம் எங்கே கிடைக்கும் என்று சொல்வதுதான் என்பார். பசி இல்லை என்று சொல்கிறவனின் வாயில் திணிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேதுருவும், கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத்தான் எழுதினார், கேட்காதவனின் போனை நிரப்பச் சொல்லவில்லை.

நேரே சொல்லுங்கள்: "மச்சான், உன்ர நம்பிக்கையில எனக்கு மரியாதை இருக்கு, கேக்கவேணும் எண்டு தோணினா நானே கேப்பன், அதுவரைக்கும் வசனம் அனுப்பாத, வழமையா அனுப்பிற கிரிக்கெட் பகிடியை அனுப்பு." கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிவான். மனம் கேட்காவிட்டால் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிடுங்கள், கோபம் வந்தால் எனக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறேன்.