ஹெட்மாஸ்டரைக் கொண்டுவந்து ஒப்படைப்பாங்க

கேள்வி: நியூசிலாந்துல பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அவங்க பண்பாட்டுப்படியே ஸ்கூல் நடத்துறாங்கன்னு படிச்சேன். ஆண்டுவிழாவுல ஆடிப் பாடுறது சரி, ஹெட்மாஸ்டர் வேலையில அதனால என்ன மாறுது?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: நிறையவே மாறுது டீச்சர். ஜாயின் பண்ற நாளையே எடுத்துக்கோங்க. நம்ம ஊர்ல ஆர்டர் காப்பியோட தனியா வந்து கையெழுத்துப் போடுவாங்க. அங்க போஃபிரின்னு ஒரு வரவேற்பு, ஸ்கூல் பக்கம் நின்னு ஒரு அம்மா குரலெடுத்து நீளமா கூப்பிடுவாங்க, வர்றவங்க கூட்டத்துலருந்து இன்னொரு அம்மா பதில்குரல் குடுத்துக்கிட்டே மெதுவா நடந்து வருவாங்க, புது ஹெட்மாஸ்டரோட சொந்தக்காரங்க, பழைய ஸ்கூல்காரங்கன்னு கூடவே வந்து, எங்க ஆளை உங்ககிட்ட விட்டுட்டுப் போறோம்னு ஒப்படைப்பாங்க. பேச்சு, பாட்டு எல்லாம் முடிஞ்சதும் மூக்கோட மூக்கு வச்சு ஹோங்கி, அப்புறம் எல்லாருக்கும் சாப்பாடு. பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரிதான். இப்படி வந்தவர், நான் வெறும் ஆபீசர்னு ஒதுங்கி உக்கார முடியுமா?

இது சும்மா கிடைச்சதும் இல்ல. 1867 சட்டத்துல கிராமத்து மாவோரி ஸ்கூலுக்கெல்லாம் இங்கிலீஷ்னு ஆக்கினாங்க, பின்னாடி தாய்மொழி பேசின புள்ளைங்க அடி வாங்கின காலமும் உண்டு. 1972ல ஸ்கூல்ல மாவோரி மொழி சொல்லிக் குடுக்கணும்னு 30,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டு பார்லிமென்ட்டுக்கு மனு, 1982ல மாவோரி மொழி பாலர் பள்ளி, 1985ல ஆக்லாந்து மேற்குல ஹோவானி வைத்தித்தி மராய்ங்கிற மாவோரி மக்கள் கூடுற பொது இடத்துல முதல் குரா கௌபாப்பா, அதாவது முழுக்க மாவோரி வழியில நடக்கிற ஸ்கூல். சட்டம் அதை ஏத்துக்கிட்டது 1989லதான், அதுவரைக்கும் தூக்கிச் சுமந்தது பெத்தவங்க. அதனால அங்க குடும்பங்க பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்துட்டுப் போற விருந்தாளி இல்ல, முடிவு எடுக்கிறதே அவங்க எல்லாரும் சேர்ந்துதான். நேரம் ஆகும்தான், ஆனா எனக்கு அது குறையாவே தெரியல.

மாவோரி புள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க இன்னிக்கும் படிக்கிறது இங்கிலீஷ் ஸ்கூல்லதான். அங்க சுவத்துல நாலு மாவோரி வார்த்தை எழுதி வச்சுட்டு முடிவெல்லாம் ஹெட்மாஸ்டர் ரூமுக்குள்ளயே எடுத்தா, நீங்க சொன்ன ஆண்டுவிழாக் கதைதான்.

அகோன்னு ஒரு சொல் இருக்கு டீச்சர், எனக்கு ரொம்பப் புடிச்சது. சொல்லிக் குடுக்கிறதுக்கும் கத்துக்கிறதுக்கும் அவங்களுக்கு அது ஒண்ணுதான். ஒரு பாட்டு ஹெட்மாஸ்டருக்குத் தெரியலன்னா எட்டு வயசுப் புள்ள பக்கத்துல உக்காந்து கேட்டுக் கத்துக்கலாம், அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது.