மன்னித்தால்தான் திருவிருந்தா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 47 வயது. அப்பா இறந்தபோது எனக்கு 19. படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தேன். வந்த வரன்களை எல்லாம் தள்ளிப்போட்டேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் படுக்கையில் கிடந்த அம்மாவையும் நானே பார்த்துக்கொண்டேன். அவர்கள் இறந்த பிறகுதான், நாங்கள் குடியிருந்த வீட்டைத் தம்பி முன்பே தன் பெயருக்கு எழுதி வாங்கியிருந்தது தெரியவந்தது. பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவின் கையெழுத்து. முதல் எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. மீதியெல்லாம் வெறும் கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கையைத்தான் நான் இரவெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நடந்ததை மறந்துவிடலாம், அக்கா" என்று ஒரு செய்தி அனுப்பியதோடு தம்பி நிறுத்திக்கொண்டான். ஏழெழுபது தரம் மன்னிக்கும்படி கர்த்தர் சொல்லியிருக்கிறாரே என்கிறார்கள் சபை மூப்பர்கள். காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் வசனம் என்னை உறுத்துவதால், எட்டு மாதமாகத் திருவிருந்தில், ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் அந்த ஆராதனையில், பங்கெடுக்காமல் இருக்கையிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் செய்த தியாகத்துக்கு என்ன பொருள்? இனி யாருக்காக வாழ்வது?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

எட்டு மாதமாக நீங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதைப் படித்து மனம் கனத்தது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களை உறுத்தும் வசனம் மத்தேயு 5:23-24. அதை மெதுவாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் என்றுதான் அது சொல்கிறது. அதாவது, யார்மீது பிறருக்கு மனக்குறை உண்டோ அவரே காணிக்கையை வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். உங்கள் வீட்டுக் காரியத்தில் அந்த இடத்தில் நிற்பவர் உங்கள் தம்பி. மனம் புண்பட்டவருக்கான சொல் மாற்கு 11:25-இல் இருக்கிறது: நின்று ஜெபம்பண்ணும்போது, ஒருவன்பேரில் உங்களுக்குக் குறை இருந்தால் மன்னியுங்கள். நிற்கும் இடத்திலேயே, தேவனுக்கு முன்பாக, நீங்கள் ஒருவராகவே செய்யக்கூடிய காரியம் அது. ஒப்புரவுக்கோ இரண்டு பேர் வேண்டும்; அதில் தம்பியின் பங்கையும் நீங்களே சுமக்க முடியாது.

மூப்பர்கள் எடுத்துக்காட்டும் "ஏழெழுபது" மத்தேயு 18:22-இல் வருகிறது. அதே அதிகாரத்தில் ஏழு வசனங்களுக்கு முன்பு, குற்றம் செய்த சகோதரனிடம் தனித்துப் போய் அவன் குற்றத்தை உணர்த்தும்படி சொல்லப்பட்டிருப்பதை ஏனோ நாம் பல நேரங்களில் தாண்டிப் போய்விடுகிறோம். புதிய ஏற்பாட்டில் மன்னிப்பைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'விட்டுவிடுதல்' என்று பொருள். கடனைத் தள்ளுபடி செய்வதற்கும் அதே சொல்தான். கடன் இன்னது என்று சொன்ன பிறகுதான் அதைத் தள்ளுபடி செய்ய முடியும். "மறந்துவிடலாம்" என்பது கணக்கைப் பார்க்காமலேயே ஏட்டைக் கிழிப்பது. பிறன் பொருளை வஞ்சித்து எடுத்தவன், குற்றநிவாரண பலி இடும் நாளில், எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆகவே மன்னித்த பிறகும் உங்கள் பங்கைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டுவதும் அப்படியே.

மன்னிக்கத் தீர்மானித்த பிறகும் கோபம் திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் தீர்மானம் பொய் என்று எண்ணாதீர்கள். மன்னிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் எவரெட் வொர்த்திங்டன், தன் தாயைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். மன்னிக்க முடிவெடுப்பது வேறு, உணர்வுகள் மாறுவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். இரண்டாவது தாமதமாகவே வரும்.

தியாகத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒரு சிறு வேலை தருகிறேன். ஒரு தாளை எடுத்து, நீங்கள் மனமுவந்து கொடுத்தவற்றை ஒரு பக்கமும், உங்களிடமிருந்து எடுக்கப்பட்டவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். அம்மாவின் கையைப் பிடித்திருந்த இரவுகள் முதல் பக்கத்தில் வரும், வீடு மறுபக்கத்தில். படிப்பும் திருமணமும் எந்தப் பக்கம் என்று எழுதும்போது கை தயங்கலாம். தயங்கட்டும், அங்கே அழுகை வந்தாலும் அடக்க வேண்டாம். "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று இயேசு தம் ஜீவனைக் குறித்துச் சொன்னார் (யோவான் 10:18). கிறிஸ்தவ விசுவாசத்தில் பலி என்பது இப்படி மனதாரக் கொடுப்பதே. தம்பி செய்த வஞ்சகம் பத்திரத்தைத் தொட்டது. நீங்கள் கொடுத்த அந்த இரவுகளை அதனால் தொட முடியாது.

இனி யாருக்காக என்ற கேள்விக்கு இப்போதே விடை தேட வேண்டாம். 28 ஆண்டுகள் பிறருக்காகவே எழுந்தவருக்கு வேலையில்லாத காலைப்பொழுது வெறுமையாகத்தான் இருக்கும். அந்த வெறுமையை இன்னொருவரின் சுமையால் உடனே நிரப்பிவிடாதீர்கள். பாதியில் விட்ட படிப்பு எது என்று எழுதியிருந்தால் அதைப் பற்றியும் பேசியிருப்பேன். தூக்கமோ பசியோ தொடர்ந்து கெட்டிருந்தால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தம்பிக்குப் பதில் அனுப்புங்கள்: "மறக்க முடியாது, மன்னிக்க ஜெபிக்கிறேன், வீட்டைப் பற்றி நேரில் பேச வேண்டும்." பிறகு, அடுத்த திருவிருந்துக்கு எழுந்து போங்கள். தம்பியே உங்கள் பக்கத்தில் வந்து முழங்காலிட்டாலும் நீங்கள் இடம் மாற வேண்டியதில்லை.